‘பிராசசர் போயிருச்சு’ என்று கடைக்காரர் சொன்னால், முதலில் நாலு பின்னைப் பாருங்கள்

போன ஆடி மாதம் எனக்கு நடந்தது இது. கடையின் பெயரைப் போடவில்லை. கையில் முறையான பில் இல்லாமல் பெயரைப் போட்டு எழுதினால் அது தனி வம்பு. பெயர் முக்கியமும் இல்லை, இதே வித்தையை எந்த ஊரிலும் காட்டலாம்.

சிவகாசியில் காலண்டர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். வீட்டு முன்னறையில் ஒரு சிஸ்டம், அதுதான் எனக்கு ஆபீஸ். இன்டெல் ஐ5-10400 பிராசசர், 16 ஜிபி ராம், பிராசசர் பெட்டியோடு வந்த ஸ்டாக் கூலர், அதாவது பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கிற உலோகமும் ஃபேனும். 2021இல் வாங்கியது. கேம் எல்லாம் கிடையாது. பகலில் கோரல்டிரா, ராத்திரி போட்டோஷாப்.

அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப் பெருக்கு அன்று வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதனால் ஆனி கடைசியிலிருந்து டிசைனர்களுக்குத் தூக்கம் இருக்காது. சரியாக அந்த நேரம் பார்த்து சிபியு ஃபேன் இரைய ஆரம்பித்தது. பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகன் கோர் டெம்ப் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். திரையின் கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிராசசரின் சூட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும். எதையும் திறக்காமல் சும்மா விட்டிருக்கும்போது 58 டிகிரி காட்டியது. அறைச் சூடு 36.

இப்போது யோசித்தால், அது ஒரு பிரச்சினையே இல்லை. சில வருடத் தூசிதான். ஸ்டாக் கூலர் போட்ட பிராசசர் சும்மா இருக்கும்போது அறைச் சூட்டைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடக் காட்டினால் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். குளிர் நாட்டுக்காரர்கள் ‘எனக்கு 30தான் வருகிறது’ என்று எழுதுவதைப் படித்துவிட்டுப் பதறக் கூடாது. அவர்கள் அறையே 20 டிகிரியில் இருக்கும். விருதுநகர் மாவட்ட வெயிலில் 30 வேண்டுமென்றால் சிபியுவைக் கிணற்றுக்குள்தான் இறக்க வேண்டும். எனக்கு 58 என்பது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஃபேனைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. சிபியுவை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கடைக்குக் கொண்டு போனேன்.

“என்ன அண்ணாச்சி, ஃபேன் ரொம்ப இரையுது” என்றேன்.

“தூசியா இருக்கும் தம்பி. சர்வீஸ் பண்ணி, புது பேஸ்ட் வச்சுத் தந்துருதேன். 750 ஆகும். சாயங்காலம் வாங்க.”

பேஸ்ட் என்பது பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுவது, சூட்டைக் கூலருக்குக் கடத்தும். சாயங்காலம் வாங்கி வந்தேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. வீட்டில் வந்து போட்டால் எண் 78. திரையில் ஒன்றுமே திறந்திருக்கவில்லை. போட்டோஷாப்பைத் திறந்ததுதான் தாமதம், கண் மூடித் திறப்பதற்குள் 100. அப்புறம் எல்லாமே தேர் இழுக்கிற வேகம்தான். 100ஐத் தொட்டால் இந்த பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் அதை ‘விண்டோஸ் கோளாறு’ என்று நினைத்துக்கொண்டேன்.

போன் செய்தேன். “புது பேஸ்ட் தம்பி, செட் ஆகணும்ல. ஒரு வாரம் ஓட்டுங்க, இறங்கிரும்” என்றார்.

இதில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. சில வகை பேஸ்ட் முழுப் பலன் தர நாள் எடுக்கும். ஆர்க்டிக் சில்வர் 5 என்ற பழைய பேஸ்டுக்கு 200 மணி நேரம் வரை ஆகும் என்று அந்தக் கம்பெனியே போட்டிருக்கும். ஆனால் அதனால் குறைவது இரண்டிலிருந்து ஐந்து டிகிரி. சர்வீஸ் செய்ததால் 20 டிகிரி ஏறியிருக்கிறது என்றால், கழற்றி மாட்டியதில் கோளாறு. வேறு அர்த்தமே இல்லை. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் எண் என்ன, வாங்கிய பின் எண் என்ன என்று இரண்டு போட்டோ கையில் இருந்திருந்தால் அன்றைக்கே அவரிடம் சண்டை போட்டிருக்கலாம். 58 என்று நான் வாயால் சொன்னதற்கு, “அதெல்லாம் முன்னாடி தப்பா காமிச்சிருக்கும்” என்று முடித்துவிட்டார்.

நாலு நாள் பொறுத்தேன். இறங்கவில்லை. மறுபடி ஸ்கூட்டர், மறுபடி கடை. இந்த முறை எஸ்.எம்.பி.எஸ், அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, வீக் என்றார். “கரண்ட் சரியா போகலைன்னா பிராசசர் திணறும், சூடாகும். மாத்திட்டா சரியாயிரும்.” 1,650 ரூபாய். பழையதை நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. இந்தப் பதிவில் எனக்கு அதிகம் வலிக்கிற வரி இதுதான். பழையது நல்ல கம்பெனியின் 450 வாட், கரண்டை வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை போட்டது. கையில் தூக்கினால் செங்கல் மாதிரி கனக்கும். புதிதாக மாட்டி விட்டது அப்பளக் கட்டு மாதிரி லேசாக இருந்தது. அதிலும் 450 வாட் என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அச்சடிக்க என்ன, அச்சடிக்கிற ஊரில் இருக்கிற எனக்குத் தெரியாதா?

எஸ்.எம்.பி.எஸ் உண்மையிலேயே மோசமானால் சிஸ்டம் நடுவில் அணையும், தானே ரீஸ்டார்ட் ஆகும், சில நேரம் ஆன் ஆகவே ஆகாது. பிராசசர் சும்மா இருக்கும்போது 78 டிகிரி ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஸ்.எம்.பி.எஸ் தருவது 12 வோல்ட். அதைப் பிராசசருக்குத் தேவையான ஒரு வோல்ட் சுமாருக்கு இறக்கிக் கொடுப்பது, பாகங்களையெல்லாம் மாட்டியிருக்கிற மதர்போர்டின் வேலை.

மாற்றிய பிறகும் 78தான்.

மூன்றாவது தடவை போனபோதுதான் அண்ணாச்சி பெரிய அம்பை எடுத்தார். கடையில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மானிட்டரைத் திருப்பினார். சிஸ்டத்தை ஆன் செய்து, விண்டோஸ் ஏறும் முன் வருகிற செட்டிங் திரையான பயாஸுக்குள் போனார். சிபியு டெம்பரேச்சர் 86. “பாருங்க தம்பி, விண்டோஸே இன்னும் ஏறலை. ஒரு வேலையும் ஓடலை. அதுக்கே 86.” அப்புறம் விண்டோஸுக்கு வந்து, எல்லா சென்சார் எண்களையும் வரிசையாகக் காட்டுகிற ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற மென்பொருளைத் திறந்து கீழே உருட்டினார். ஒரு வரியில் 118 டிகிரி என்று இருந்தது. “பார்த்தீங்களா? உள்ள லீக் ஆகுது. பிராசசர் போயிருச்சு.”

பக்கத்தில் நின்ற ஒருத்தர் எனக்காக உச்சுக் கொட்டினார்.

இந்த இரண்டு எண்களையும் வைத்துத்தான் ஆளை மடக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பயாஸில் இருக்கும்போது பிராசசர் ஓய்வெடுப்பதில்லை. விண்டோஸ் வந்த பிறகுதான் வேலை இல்லாத நேரத்தில் கோர்களை, அதாவது பிராசசருக்குள் வேலை செய்கிற பகுதிகளை, ஒவ்வொன்றாகத் தூங்க வைக்கிற ஏற்பாடு முழுசாக நடக்கும். அதனால் பயாஸ் எண் விண்டோஸில் சும்மா இருக்கும்போது வருகிற எண்ணைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். நல்ல நிலையில் இருக்கிற சிஸ்டத்திலும் அப்படித்தான். இன்று என் சிஸ்டம் விண்டோஸில் 46 காட்டினால் பயாஸில் 55 காட்டுகிறது.

அந்த 118 அதைவிட வேடிக்கை. மதர்போர்டில் சூட்டை அளக்கிற சிப்புக்கு நாலைந்து கால்கள் இருக்கும். எல்லாவற்றிலும் சென்சார் மாட்டியிருக்க மாட்டார்கள். மாட்டாத காலிலிருந்து வருகிற குப்பை எண்ணையும் மென்பொருள் ஒரு வரியாகக் காட்டிவிடும். சில போர்டில் 127, சிலதில் மைனஸில்கூட வரும். என் சிஸ்டத்தை ராத்திரி முழுக்க அணைத்து வைத்துவிட்டு விடியற்காலையில் போட்டாலும், முதல் நொடியிலேயே அந்த வரி 118தான். இப்போது இதைத் தட்டச்சு செய்யும்போதும் 118. பிராசசர் உண்மையில் அந்தச் சூட்டை நோக்கிப் போனால் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் தானே அணைந்துபோகும். பார்க்க வேண்டியது ‘கோர்’, ‘பேக்கேஜ்’ என்று போட்டிருக்கிற வரிகளை மட்டும்.

விலை பேச்சு வந்தது. “புதுசு போட்டா 13 ஆயிரத்துக்கு மேல ஆகும். நம்மட்ட இதே மாடல் கழட்டினது ஒண்ணு வருது. 8,500க்குத் தாரேன். பழசைக் குடுத்துருங்க, 500 கழிச்சுக்கலாம்.”

‘போயிருச்சு’ என்று அவரே சொன்ன பிராசசருக்கு அவரே எதற்கு 500 ரூபாய் தருகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆல்பம் வேலை பாதியில் நிற்கிறது, பார்ட்டி போனில் கத்துகிறார், அந்த நேரத்தில் யாருக்கு மூளை ஓடும்? 2,000 அட்வான்ஸ் கொடுத்தேன். மறுநாள் மதியம் ‘கழட்டினது’ வந்துவிடும் என்றார். சிஸ்டத்தை அங்கேயே விட்டுவிடச் சொன்னார். நல்ல வேளை, அன்று ராத்திரி இரண்டு பக்கம் கட்டாயம் அனுப்ப வேண்டியிருந்ததால் சூடானாலும் பரவாயில்லை என்று தூக்கி வந்துவிட்டேன். விட்டுவிட்டு வந்திருந்தால் என் பிராசசரையே கழற்றி, துடைத்து, ‘கழட்டினது’ என்று எனக்கே 8,500க்கு மாட்டியிருப்பாரோ என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது. பிராசசரின் மேல் தகட்டில் மாடலும் பேட்ச் எண்ணும் பொறித்திருக்கும். இன்டெல் பெட்டியின் லேபிளிலும் அந்த பேட்ச் எண் உண்டு. பெட்டியை நான் தீப்பெட்டி மாதிரி வீசி எறிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

ராத்திரி அக்கா மகனுக்கு வீடியோ கால் போட்டேன். கோவில்பட்டியில் படிக்கிறான்.

“மாமா, சூடு மெதுவா ஏறுதா, சடார்னு ஏறுதா?”

“திறந்த உடனே 100 போகுதுடா.”

“அப்ப பிராசசர் நல்லாத்தான் இருக்கு. கூலர் ஒட்டலை. சிபியுவைப் படுக்க வைங்க, சைடு மூடியைக் கழட்டுங்க.”

ஒரே கேள்விதான் கேட்டான், விஷயம் முடிந்தது. தூசி அடைத்திருந்தாலோ கேபினட்டில் காற்று ஓடாவிட்டாலோ, வேலை கொடுத்த பிறகு நிமிடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கூலரின் உலோகம் சூடேறி நிறைவதற்கு நேரம் வேண்டுமே. கூலரே பிராசசரில் ஒட்டாமல் இருந்தால் சூடு போக வழியில்லை, ஒரு நொடியில் உச்சிக்குப் போய், வேலையை நிறுத்தியதும் சடாரென்று இறங்கும். ஏறுகிற வேகத்தைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். பேக்கேஜ் பவர், அதாவது பிராசசர் இழுக்கிற கரண்ட், எத்தனை வாட் என்றும் பார்க்கச் சொன்னான். 12 காட்டியது. அது 40, 50 என்று இருந்தால் பின்னால் ஏதோ ரகசியமாக ஓடுகிறது, வைரஸோ கள்ளத்தனமாக காயின் மைனிங் செய்கிற புரோகிராமோ என்று தேட வேண்டும். 12 வாட்டுக்கு 78 டிகிரி என்றால் கூலர் வெறும் அலங்காரத்துக்குத்தான் உட்கார்ந்திருக்கிறது.

மூடியைக் கழற்றினேன். இன்டெல் ஸ்டாக் கூலருக்கு நாலு கால். ஒவ்வொரு காலிலும் ஒரு கறுப்புப் பின், அதன் தலையில் ஓர் அம்புக்குறி. அழுத்தினால் பின் போர்டின் ஓட்டைக்குள் போய் வெள்ளைப் பிளாஸ்டிக் இரண்டாக விரிந்து பிடித்துக்கொள்ளும். மூன்று தலைகள் ஒரே மட்டத்தில் இருந்தன. மேல் வலது மூலையில் இருந்தது மட்டும் நெல்மணி அளவு தூக்கிக்கொண்டிருந்தது.

“ஃபேன்ல கை படாம அந்தத் தலையை மட்டும் கீழ அமுக்குங்க மாமா. அமுக்கிட்டு ஸ்கிரீனைப் பாருங்க.”

கட்டை விரலால் அமுக்கினேன். 78. மூச்சு ஒன்று விட்டிருப்பேன், 71. அப்புறம் 64. 59. விரலை எடுத்தேன், மறுபடி 70, 77. திரும்ப அமுக்கினேன், 60. சின்னப் பிள்ளை காலிங் பெல்லை அமுக்கி விளையாடுகிற மாதிரி ஐந்தாறு தடவை செய்து பார்த்தேன். என் மனைவியைக் கூப்பிட்டும் காட்டினேன். 2,400 ரூபாய் செலவழித்தாயிற்று, இன்னும் எட்டாயிரம் போக இருந்தது. எல்லாம் இந்தக் கட்டை விரல் அழுத்தத்துக்கு!

அன்று ராத்திரி வேலையை முடிக்க ஒரு தற்காலிக வழி சொன்னான். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் அதிகபட்ச அளவை 99 சதவீதம் என்று வைத்தால் டர்போ வேகம் நின்றுவிடும், 2.9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. நான் இன்னும் பயந்து 70 சதவீதம் வைத்தேன். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் விடிவதற்குள் இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பக்கத்தைத் திறந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். ‘ஸ்பீடு கூட்டித் தாரேன்’ என்று அண்ணாச்சி ஹை பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றி வைத்திருக்கிறார். குறைந்தபட்ச அளவே 100 சதவீதம். சும்மா இருக்கும்போதும் முழு வேகத்திலேயே நில் என்று கட்டளை. அதை பேலன்ஸ்டுக்கு மாற்றினேன்.

மறுநாள் கூலரைக் கழற்றினோம். அவன் போனில், நான் நேரில். பின் தலைகளை அம்பு காட்டுகிற பக்கம் கால்சுற்று திருப்பி மேலே இழுத்தால் வந்துவிடும். தூக்கிய பின்னின் அடியில் இருக்க வேண்டிய இரண்டு பல்லில் ஒன்று உடைந்திருந்தது. மாட்டும்போது ஸ்குரூடிரைவரால் குத்தியிருக்கிறார்கள், தலையில் தழும்பு தெரிந்தது. அடுத்து கூலரின் அடிப்பாகம். புது ஸ்டாக் கூலரில் சாம்பல் நிறத்தில் திருநீற்றுப் பட்டை மாதிரி மூன்று கோடு பேஸ்ட் கம்பெனியிலேயே வைத்திருப்பார்கள். இங்கே வெள்ளை வெளேரென்று ஒரு ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பு அப்பியது போல் இருந்தது, மறு ஓரம் தொடாத பளபளப்பு. டிரான்சிஸ்டருக்குத் தடவுகிற மலிவான வெள்ளை காம்பவுண்ட். அதுகூடப் பெரிய பாவமில்லை, சரியாக அழுத்தி மாட்டியிருந்தால் அதிலேயே ஓரளவு ஓட்டியிருக்கலாம்.

துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். ஆப்செட் பிரஸ்ஸில் தண்ணீரோடு கலப்பதற்கு அதைத்தான் கேன் கேனாக வாங்கி வைத்திருப்பார்கள். அடுத்த தெரு பிரஸ்ஸில் அரை டம்ளர் கேட்டேன், ஒரு பாட்டிலே தந்தார்கள். பின் செட் ஆன்லைனில் 140 ரூபாய், பேஸ்ட் 420. மூன்று நாளில் வந்தது. நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட். முதலில் எதிரெதிர் மூலைப் பின் இரண்டையும் ஒன்றாக அமுக்கி ‘டக்’, அப்புறம் மற்ற இரண்டும் ‘டக்’. போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்து நாலு பின்னின் பற்களும் விரிந்து வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். கூலரை மெல்ல ஆட்டிப் பார்த்தேன், போர்டே சேர்ந்து வந்தது. 

ஆன் செய்தால் 46. போட்டோஷாப்பில் பெரிய ஃபைலைச் சேமிக்கும்போது 70ஐ ஒட்டி வந்து இறங்குகிறது.

ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்கள் என்னைப் போல் சட்டென்று கூலரை இழுத்துவிடாதீர்கள். அந்த பிராசசர் உட்காருகிற ஏஎம்4 வகை சாக்கெட்டில் பேஸ்ட் காய்ந்திருந்தால் பிராசசரே கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதன் அடியில் 1331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் தலைவலி. கொஞ்ச நேரம் ஏதாவது வேலை ஓட விட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகி எடுக்க வேண்டும்.

அட்வான்ஸைக் கேட்கப் போனேன். உடைந்த பின்னைச் சட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். மேஜையில் வைத்தேன்.

“இது எப்படி அண்ணாச்சி உடைஞ்சது?”

அதைக் கையில்கூட எடுக்கவில்லை. “நீங்க வீட்ல திறந்து பார்த்திருக்கீங்க. உங்க கை பட்டு உடைஞ்சிருக்கும்.”

“நான் திறக்கிறதுக்கு முன்னாடியேதானே 78 காமிச்சது?”

“தம்பி, நாங்க 20 வருஷமா தொழில் பண்ணுதோம்.”

அது பதிலே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். 2,000இல் 1,500 திரும்பி வந்தது. 500 ‘செக்கிங் சார்ஜ்’. பழைய எஸ்.எம்.பி.எஸ்? காயலான் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டாராம். பில் என்று என்னிடம் இருந்தது இரண்டு வெள்ளைத் துண்டுச் சீட்டு. ஒன்றில் ‘சர்வீஸ் 750’, இன்னொன்றில் ‘எஸ்.எம்.பி.எஸ் 1650’. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, தேதியும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடலாம். ஆனால் யார்மேல் போடுவது என்பதற்கே அந்தத் துண்டுச் சீட்டில் ஆதாரம் இல்லை. பணத்தை நீட்டும்போதே “பில் போட்டுக் குடுங்க” என்று கேட்டிருக்க வேண்டும். பழகிய கடை, கேட்டால் தப்பாக நினைப்பாரே என்று கூச்சப்பட்டேன். அவருக்கு அந்தக் கூச்சம் கொஞ்சமும் இருக்கவில்லை.

எல்லாக் கடையும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஊரில் கண் முன்னால் கழற்றி, கண் முன்னால் மாட்டித் தருகிற பையன்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் அந்த அப்பளக் கட்டு எஸ்.எம்.பி.எஸ்ஸைக் காட்டினேன். கையில் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது போறப்ப போர்டையும் கூட்டிட்டுப் போயிரும், சீக்கிரம் மாத்திருங்க” என்றார். காலண்டர் பார்ட்டியின் பணம் வந்ததும் முதல் செலவு அதுதான். பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வருவேன், அது காயலான் கடைக்குப் போக வேண்டியதாகவே இருந்தாலும்.